'எண்ட்' என்னும் சொல்லும் கண்டி அரசின் முடிவும்

ஒரு மொழியிலே மிகச் சிறியனவாயும் நாள்தோறும் வழங்குவனவாயும் உள்ள சொற்கள் பெரும்பாலும் மிகப் பழைய சொற்களாகவே இருக்கும். நீர், கை, கால், வீடு என்பன போன்ற சொற்களை நாம் நின்று ஆராய்வதில்லை. மூச்சுக் காற்றைப் போல அவற்றை வாங்கி விடுகிறோம். ஆங்கில மொழியில் முடிவைக் குறிக்கும் 'எண்ட்' என்ற சொல்லும் அத்தகையதே. கதையின் முடிவும் எண்ட். கயிற்றின் நுனியும் எண்ட். தெருவின் கோடியும் எண்ட். ஒருவன் மனத்தில் வைத்து உழைக்கும் குறிக்கோளும் எண்ட். ஆங்கிலம் கற்றோர் மட்டுமல்லர், கல்லாதோரும் 'வீக்எண்ட்' என்று வார இறுதியைச் சொல்லக் கேட்கிறோம்.

இந்தச் சிறு சொல் எங்கிருந்து வந்தது, தொடக்கத்தில் எதனைக் குறித்தது, நம் மொழியில் அதற்கு இணையான சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பவற்றை இன்றைய பேச்சிலே காண்போம். சொற்பொருளை அகராதியோடு நிறுத்திவிடுவதும் முறையன்று. முடிவு என்னும் கருத்து ஒரு நாட்டின் வரலாற்றிலே எவ்வாறு கையாளப்பட்டது, அக்கையாட்சி மக்களின் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பதையும் உடன் நோக்கவேண்டும். அதற்குக் கண்டி மாநகரைக் காட்டிலும் தக்க இடம் நம் நாட்டில் இல்லை. ஓர் அரசும் ஓர் அரச குலத்தின் உரிமையும் முடிந்துவிட்டன என்று 1815ஆம் ஆண்டிலே விதி வகுத்து எழுதப்பட்ட ஊர் அது.

முதலிற் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'எண்டே' என வழங்கியது. ஜெர்மன் மொழியில் இன்றும் அது 'எண்டே'தான். மிகப் பழைய ஜெர்மானிய மொழிகளுள் ஒன்றாகிய கோதிக்கு மொழியில் 'அந்தீஸ்' என்றிருந்தது. இவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இவற்றோடு பிறந்த மற்றொரு பிள்ளையை நாம் நன்கறிவோம். வடமொழியிலுள்ள 'அந்த' என்னும் சொல்லே அது. தமிழில் 'அந்தம்' என வழங்குவது.

ஆதியும் அந்தமும் என்கிறோம். வேதத்தின் இறுதிப் பகுதியில் அமைந்த கருத்தை வேதாந்தம் என்கிறோம். ஆராய்ந்து நிலைநாட்டப்பட்ட முடிபைச் சித்தாந்தம் என்கிறோம். திசைகளின் கோடி திகந்தம். இந்த 'அந்தமும்' இங்கிலாந்தின் வயல்களிலும் சந்தைகளிலும் வழங்கிய 'எண்ட்' என்ற சொல்லும் உடன்பிறப்புக்கள் என்பது வியப்புக்குரியதன்றோ! 1786ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்று பிரிந்தனவாதல் வேண்டும் என்று ஆசியச் சங்கத்தில் எடுத்துரைத்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இத்தகைய உறவுகளைக் கண்டறியும் வழியைத் திறந்தது.

அந்த ஆராய்ச்சி மேலும் ஆழமாகச் சென்றபோது எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. இலத்தீனில் 'அந்தே' என்றால் முன்னால் என்று பொருள். கிரேக்கத்தில் 'அந்தி' என்றால் எதிரே என்று பொருள். துருக்கி நாட்டு மண்ணிலிருந்து தோண்டியெடுத்த களிமண் ஏடுகளில் ஹிட்டைட்டு என்னும் பண்டை மொழி காணப்பட்டது. அம்மொழியின் இயல்பை 1915ஆம் ஆண்டில் ஹ்ரொஸ்னி என்னும் செக் நாட்டறிஞர் விளக்கினார். அதில் இதே வேரிலிருந்து வந்த சொல்லொன்று நெற்றியைக் குறித்தது. ஆகவே மூலமொழியில் இவ்வேர் நெற்றி, முகப்பு என்னும் பொருளுடையதாக இருந்தது என்று மொழிநூலார் கொள்கின்றனர். நெற்றி என்பது நமக்கு எதிரே நிற்பது. எதிரே நிற்பது எல்லை. எல்லை என்பது முடிவு. இவ்வாறு பொருள் படிப்படியாக நடந்துவந்தது. ஆங்கிலத்தில் மறுமொழியைக் குறிக்கும் 'ஆன்ஸர்' என்ற சொல்லின் முதற்பகுதியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எதிரே நின்று உறுதியுரைப்பது என்பது அதன் பழம்பொருள்.

எனவே, முடிவு என்பது ஆதியில் ஒன்றும் இல்லாமற்போதல் என்ற பொருளை உடையதன்று. நாம் நடந்து சென்று முகத்துக்கு முகம் சந்திக்கும் இடமே முடிவு. அவ்விடத்திற்கு அப்பாலும் ஒன்று உண்டு.

வடமொழியிலும் இப்பொருளின் சாயல் தங்கியிருக்கிறது. ஓரம், எல்லை என்று பொருள்படும் 'பிராந்தம்' என்ற சொல்லிலிருந்து பிராந்தியம் வந்தது. எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்த அடுத்து நிற்பவன் சாமந்தன். பின்னர் அது பேரரசனுக்கு அடங்கிய சிற்றரசனைக் குறித்தது. ஓர் எல்லை முடியுமிடத்தில் அடுத்தவன் நிற்கிறான் என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது. மாலைப் பொழுதைக் குறிக்கும் நம் 'அந்தி' சந்தியா என்ற சொல்லோடு தொடர்புடையது. கிரேக்க 'அந்தி'யோடு அதற்கு யாதொரு உறவும் இல்லை. அந்தரங்கம் என்பதும் வேறு. உள்ளே என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு சொல்லாராய்பவர் இருட்டிலே கயிற்றைப் பாம்பென்று பிடிப்பவரை ஒப்பர்.

தமிழ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது திராவிட மொழிக் குடும்பத்தது என்பதைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில் விரிவாக நிறுவினார். அந்தம் என்ற சொல்லை நாம் வாங்கிக்கொண்டோம்; ஆனால் முடிவைக் குறிக்க நமக்கே உரிய சொற்கள் பலவுண்டு. அவையும் வேறு வழியில் நடந்து அதே இடத்துக்கு வந்து சேர்வதைக் காணும்போது மகிழ்ச்சி உண்டாகிறது.

'கடை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி, கடைக்கோடி, கடைக்கண் என்பவற்றில் அது முடிவையும் ஓரத்தையும் உணர்த்துகிறது. அதே கடை என்ற சொல் வாயிலையும் உணர்த்தும். வீட்டின் முன்வாயிலைத் தலைக்கடை என்றும் பின்வாயிலைப் புறக்கடை என்றும் கூறுவது பழைய வழக்கு. வீடு முடியுமிடம் எதுவோ அதுவே வீட்டினுள் நுழையுமிடம். முடிவும் வாயிலும் ஒரு சொல்லில் அடங்கின.

'வரை' என்பது மற்றொன்று. வரை என்றால் கோடு. வரை என்றால் எல்லை. வரை என்றால் மலை. எல்லைகுறித்துப் பொருளை நிறுத்துவதை வரையறை என்கிறோம். எல்லை என்று பொருள்படும் 'பினிஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்தின் 'பினிஷ்' வந்தது. வரையறுத்தலைக் குறிக்கும் 'டிபைன்' வந்தது. ஒரு வழக்கைத் தீர்த்து முடிக்கச் செலுத்தும் தண்டப் பணமாகிய 'பைன்' என்பதும் வந்தது. வரையறை என்பதும் டிபைன் என்பதும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே எண்ணத்தில் பிறந்தவை. 'கன்குளூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லோ வேறு வகையானது. கதவை இழுத்து அடைத்தல் என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள்.

'முடி' என்பதையும் கருதுக. பூத்தொடுப்பவர் நாரை இறுக்கி முடிச்சிடும்போது மாலை முடிகிறது. கூந்தலை முடித்தலும் முடிதான். அரசன் தலையிற் சூடுவதும் முடிதான். மலையின் உச்சியும் முடிதான். இலக்கணத்தில் சொல்லின் இறுதியை ஈறு என்கிறோம். பொருள் நிரம்பிய வினையை முற்று என்கிறோம். முற்றுதல் என்பது முதிர்தலும் ஆகும். கதிர் முற்றினால் அறுவடை தொடங்கும். வானொலியிலும் நிகழ்ச்சி நிறைவுபெறுகிறது என்று அறிவிப்பதே நல்ல மரபு. பழைய திரைப்படங்கள் இறுதியிலே 'சுபம்' என்று காட்டின. வீட்டை விட்டுப் புறப்படுபவர் போகிறேன் என்னார், போய்வருகிறேன் என்பார். இறந்தார் என்னாது துஞ்சினார் என்பதை இலக்கண நூலார் மங்கலம் என்று வகுத்தனர். எரியும் விளக்கை அணை என்று சொல்வதற்கும் நம் மூத்தோர் நாக்கூசுவர். குளிரவை என்பர், மலையேற்று என்பர், யாழ்ப்பாணத்தார் நூர்த்துவிடு என்பர்.

இந்த விளக்குச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு கண்டிக்குச் செல்வோம்.

கடற்கரை நாடுகள் போர்த்துக்கேயர் வசமும் ஒல்லாந்தர் வசமும் ஆங்கிலேயர் வசமும் ஒன்றன்பின் ஒன்றாக மாறியபோதும், மலைநாட்டு அரசு தன்னுரிமையோடு நின்றது. மலைகளே அதற்கு வரை; மேலே சொன்ன இரு பொருளிலும் வரை. காடும் கணவாயும் காய்ச்சலும் அந்நியப் படைகளைத் திருப்பி அனுப்பின. 1803ஆம் ஆண்டிலே கண்டி நகரைப் பிடித்த ஆங்கிலப் படை அங்கே நிலைக்க முடியாமல் அழிந்தது.

அவ்வரசின் இறுதி 76 ஆண்டுகளில் ஆண்டவர்கள் நாயக்க மரபினர். கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடியிற் பெண்ணெடுத்து வந்தனர். 1739ஆம் ஆண்டில் வீர நரேந்திரசிங்கன் தக்க வாரிசின்றி மறைந்தபோது, அவருடைய தேவியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு முடிசூடினார். அவருக்குப்பின் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753ஆம் ஆண்டிலே, சீயம் நாட்டிலிருந்து உபாலி தேரர் அழைத்துவரப்பட்டுப் பௌத்த சங்கத்தின் உபசம்பதை மீண்டும் நிறுவப்பட்டது. அடுத்து இராஜாதி ராஜசிங்கன் ஆண்டார். நால்வருள் இறுதியானவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். முடிசூடுமுன் கண்ணுச்சாமி என்னும் பெயருடையவர். 1798ஆம் ஆண்டில் அரசரானார். இன்று கண்டிக்கு அழகுதரும் ஏரியும், தலதா மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும் இவர் காலத்தன. தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி அவற்றை அமைத்தார்.

இவ்வரசர் நகரை அழகுசெய்தார். ஆயினும் பிரதானிகளின் உள்ளத்தை இழந்தார். 1814ஆம் ஆண்டிலே எகலப்பொல என்னும் அதிகாரி ஆங்கிலேயரிடம் ஓடியபின் அவருடைய மனைவி மக்களுக்கு அரசர் விதித்த கொடிய தண்டனையை நாடு மறக்கவில்லை. தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக்கும், சிங்களம் நன்கறிந்த ஜோன் டொயிலி என்ற அதிகாரியும் அப்பிளவை நன்கு பயன்படுத்தினர். 1815 பெப்ரவரி நடுவில் ஆங்கிலப் படை கண்டியிற் புகுந்தது. தும்பறைப் பகுதியில் மெதமகாநுவரைக்கு அண்மையில் மறைந்திருந்த அரசர் பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டார்.

மார்ச் 2ஆம் நாள், செதுக்குவேலை நிறைந்த மரத்தூண்களையுடைய மகுல் மடுவம் என்னும் அரசிருக்கை மண்டபத்தில் சபை கூடியது. 12 விதிகள் கொண்ட உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. அதிற் காணும் பிரதானிகளின் கையொப்பங்களுட் சில தமிழெழுத்தில் அமைந்தவை என்று பலரும் எடுத்துக்காட்டி வந்திருக்கின்றனர். யாருடைய முடிவை அது எழுதியதோ அவ்வரசர் அச்சபையில் இல்லை, சிறைப்பட்டிருந்தார்.

இரண்டாம் விதியின் கருத்து இது: அரசர் தம் பதவியினின்று வீழ்ந்தார், நீக்கப்பட்டார், அவருடைய குடும்பத்தாரும் உறவினரும் எக்காலத்துக்கும் அரியணையினின்று விலக்கப்பட்டனர், கண்டி மாகாணங்களின் ஆட்சியிலே 'மலபார்' இனத்தாருக்கு உள்ள உரிமை யாவும் ஒழிக்கப்பட்டு அணைக்கப்பட்டது. மலபார் என்பது தமிழரையும் தென்னிந்தியரையும் பொதுவாகச் சுட்ட அக்கால ஆங்கில அதிகாரிகள் வழங்கிய பெயர். மூன்றாம் விதி இன்னும் கடுமையானது. அரசரின் ஆண் உறவினர் பகைவர் எனப்பட்டனர். எழுத்தாலான அனுமதியின்றி அவர்கள் அம்மாகாணங்களுள் நுழையலாகாது. ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட மலபார் ஆடவரும் திரும்பலாகாது. மீறினால் இராணுவச் சட்டப்படி தண்டனை.

'அணைக்கப்பட்டது' என்று கூறினேன். அங்குள்ள ஆங்கிலச் சொல் 'எக்ஸ்டிங்குவிஷ்' என்பது. நெருப்பை அவித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். உரிமையை இல்லாதாக்கல் என்பது அதன் சட்டப்பொருள். எரியும் விளக்கைக்கூட அணை என்று சொல்லத் தயங்கும் மக்களைப்பற்றி, அவர்களுடைய உரிமை அணைந்தது என்று எழுதினார்கள். அச்சொல்லை எழுதியவர்கள் கருதியது எல்லையை அன்று. கதவடைத்த முடிவையே கருதினார்கள்.

எழுதியபடி யாவும் முடிந்தனவா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முதலிற் கொழும்புக்கும், 1816ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பலேற்றிச் சென்னைக்கும் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30ஆம் நாள் அங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவரை அடக்கிய இடத்தில் 1990ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு முத்து மண்டபம் எழுப்பியது. முடியிழந்தபின்னும் 17 ஆண்டுகள் ஒரு மனிதன் உயிர்வாழ்ந்தான். உடன்படிக்கைக்கு அவ்வாழ்வு கணக்கில் இல்லை.

மலைநாட்டிலும் முடிவு முடிவாக நிற்கவில்லை. 1817ஆம் ஆண்டிலே ஊவா வெல்லசைப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெற்றிப்பொல திசாவையே கிளர்ச்சியாளருடன் சேர்ந்து தலைமை தாங்கினார். உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். அக்கிளர்ச்சிக்காரர் அரசனென்று முன்னிறுத்தியவர், நாயக்க உறவினன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் என்பதும் கருதத்தக்கது. அணைந்ததாக எழுதப்பட்ட உரிமையின் பெயரால் மூன்றாண்டு நிரம்புமுன் ஆயிரக்கணக்கான சிங்கள மக்கள் திரண்டனர். கிளர்ச்சி மிகக் கொடுமையாக அடக்கப்பட்டது. 1818 நவம்பர் 26ஆம் நாள் கெப்பெற்றிப்பொல கண்டி போகம்பரையிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோடு ஆராய்ச்சிப் பொருளாகப் பிரித்தானியாவுக்குப் போயிற்று. சுதந்திரத்தின்பின் திரும்பிவந்து, தலதா மாளிகை முன்றிலில் நினைவுச்சின்னத்தின்கீழ் வைக்கப்பட்டது. அரியணையும் முடியும் அவ்வாறே இங்கிலாந்து சென்று, 1934ஆம் ஆண்டில் குளோஸ்டர் கோமகன் வந்தபோது மீண்டன. இப்போது அவை கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளன.

ஆட்சிமுறையில் கண்டி மாகாணங்கள் தனித்திருந்த நிலை 1833ஆம் ஆண்டிற்றான் நீங்கியது. கண்டியச் சட்டமோ திருமணத்திலும் மரபுரிமையிலும் இன்றும் வழங்குகிறது. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் இன்றும் எசல பெரகராவிலே தலதா ஊர்வலத்தின் பின் செல்கின்றன. ஆகவே கண்டி அரசின் முடிவு 1815ஆ, 1818ஆ, 1833ஆ என்று வினவினால், எந்தப் பொருளின் முடிவைக் கேட்கிறீர்கள் என்றுதான் வரலாற்றாசிரியர் எதிர்வினா எழுப்புவார்.

மூன்றாம் விதிக்கு நேர்ந்ததே எல்லாவற்றினும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. அனுமதியின்றித் தென்னிந்திய ஆடவர் திரும்பலாகாது என்று விதித்த அதே ஆட்சி, பத்தாண்டு நிரம்புமுன் தென்னிந்தியத் தொழிலாளரை அதே மலைகளுக்கு வரவழைக்கத் தொடங்கியது. 1820களின் முற்பகுதியில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் வைத்தார். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் தாமே பேராதனைக்கு அருகில் கன்னொறுவையிற் பயிரிட்டார். கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவும் அவர் காலத்திலே அமைந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டவர்கள், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கால்நடையாக மலையேறினர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் மிகப்பலர். அரியணைக்கு உரிமைகேட்டு வருபவனுக்கு மூடிய கதவு, கூலிக்கு உழைக்க வருபவனுக்குத் திறந்தது.

1867ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் ஓடிற்று. அதே ஆண்டில் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் காணப்பட்டது. அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பித் தொழில் மாய்ந்தது. தோட்டத்துரைமார் பலர் அதனை எல்லாவற்றின் முடிவென்றே எண்ணினர். ஆனால் கோப்பி வேரைப் பிடுங்கிய அதே கைகள் தேயிலைக் கன்றை ஊன்றின. கோப்பியின் கடை தேயிலையின் தலைக்கடையாயிற்று.

அக்கைகளுக்கு உரியவர்களின் கதை மட்டும் அவ்வளவு எளிதில் வாயில் திறக்கப்பெறவில்லை. நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. 1974ஆம் ஆண்டில் அந்த ஒன்றரை இலட்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தனர். எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறிற்று. முடிவுக்கு வந்துவிட்டது, முடிவுக்கு வந்துவிட்டது என்று ஒவ்வோர் ஒப்பந்தமும் கூறியது. பிறந்த மண்ணை விட்டுத் தலைமன்னார்ப் படகேறிய முதியவளுக்கு எது முடிந்தது? கண்டியைச் சூழ்ந்த மலைகளில் லயன் வீடுகளிலே தங்கிவிட்ட அவள் உடன்பிறந்தாளுக்கு எது முடிந்தது? எழுதுவோருக்கு முடிவு, அதனைத் தாங்குவோருக்கு அது நெற்றிக்கு நேரே வந்து நிற்கும் எல்லை. அதைத் தாண்டி அவர்கள் வாழ்ந்தாகவேண்டும்.

நேயர்களே, சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கே இவற்றை எடுத்துரைத்தேன். முடிவைக் குறிக்க மனிதனுக்கு இருவகைச் சொற்கள் உண்டு. ஒருவகை கதவை அடைக்கிறது, நெருப்பை அவிக்கிறது. மற்றொருவகை எல்லையைக் காட்டி நிறுத்துகிறது. அப்பாலும் ஒருவர் நிற்கிறார் என்று உணர்த்துகிறது. சட்டமும் உடன்படிக்கையும் முதல்வகைச் சொற்களையே விரும்பும். அவற்றின் தொழில் அது. வரலாறு படிப்பவர் இரண்டாம் வகையைக் கைவிடலாகாது. ஒரு நூலிலே 'இத்துடன் முடிந்தது' என்று கண்டால், யாருக்கு முடிந்தது, எல்லைக்கு அப்பால் யார் நின்றார் என்று கேட்டல் வேண்டும்.

தமிழ்ப் புலவர்கள் அந்தாதி என்றொரு யாப்புமுறை வைத்தனர். ஒரு செய்யுளின் அந்தம் அடுத்த செய்யுளின் ஆதியாகும். நாட்டு வரலாற்றிலும் அதற்குச் சான்று காணலாம். கொழும்பிலே சுதந்திரத்தின் நினைவாக எழுந்த மண்டபத்தைச் சமைத்தவர்கள் எதனை மாதிரியாகக் கொண்டனர் தெரியுமா? 1815இல் உடன்படிக்கை வாசிக்கப்பட்ட கண்டி மகுல் மடுவத்தையே. தன்னாட்சியின் முடிவை எழுதிய மண்டபத்தின் வடிவம், தன்னாட்சி மீண்டதன் சின்னமாக நிற்கிறது. அம்மண்டபத்தின் படிகளிலே இன்று சிங்களச் சிறுவரும் தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஏறி விளையாடுகின்றனர். அணைந்தது என்று எவருடைய உரிமையையும் எழுதாத உடன்படிக்கை அவர்களுக்கு வாய்க்கவேண்டும் என்பதே நம் விழைவு.

இத்துடன் இப்பேச்சு நிறைவுபெறுகிறது.